செருப்பு ஏன் தொங்குகிறது? சகாய மாதா படம் பற்றி வாசகர் கேட்டவை

இடைவிடா சகாய மாதா படத்தைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். புதன்கிழமை நவநாள் செபத்துக்குப் போகிறவர்களுக்குப் படம் மனப்பாடம். மற்றவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறோம்.

பொன் பின்னணி. கருநீல முக்காடிட்ட தாய், இடுப்புவரை தெரிகிறாள். அவளுடைய இடக்கையில், அதாவது நமக்கு வலப்பக்கத்தில், குழந்தை இயேசு. குழந்தை தன் இரு கைகளையும் தாயின் வலக்கையில் கொடுத்துவிட்டு, தலையைத் திருப்பி வேறெங்கோ பார்க்கிறது. வலக்காலின் செருப்பு கழன்று ஒரு வாரில் தொங்குகிறது. மேலே இரு புறமும் அதிதூதர்கள். நமக்கு இடப்பக்கம் மிக்கேல், ஈட்டியும் கடற்பஞ்சு செருகிய கோலும் வைத்திருக்கிறார். வலப்பக்கம் கபிரியேல், சிலுவையும் ஆணிகளும் வைத்திருக்கிறார். இவையெல்லாம் இயேசு பின்னாளில் சிலுவையில் படவிருந்த பாடுகளின் கருவிகள். நான்கு பேருக்கும் பக்கத்தில் கிரேக்க எழுத்துகள்.

மூலப் படம் ரோம் நகரில் மெருலானா தெருவிலுள்ள புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 54 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகை. பெரிய கோயில் படம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு சுவர்க் காலண்டர் அளவே என்பது வியப்பாக இருக்கும். வரைந்த பாணி கிரேக்கத்தின் கிரீட் தீவினுடையது.

கேள்வி: குழந்தை பயந்துபோய்த் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. எந்தத் தாயாக இருந்தாலும் உடனே குழந்தையைத்தானே பார்ப்பாள்? மாதா ஏன் நம்மைப் பார்க்கிறாள்? எனக்கு அது சற்று மனக்குறையாகவே இருக்கிறது.
*தூத்துக்குடி வாசகி*

உங்கள் மனக்குறைதான் இந்தப் படத்துக்குள் போகச் சரியான வாசல்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, தாயின் கண்ணிலிருந்தும் குழந்தையின் கண்ணிலிருந்தும் பார்வை போகும் திசையில் பென்சிலால் கோடு போடுங்கள். தாயின் கோடு படத்தை விட்டு நேரே உங்களிடம் வரும். குழந்தையின் கோடு தோளுக்கு மேலே, சிலுவை இருக்கும் பக்கமாகப் போகும். இரண்டு கோடுகளும் எங்கும் சந்திக்காது. முகத்தோடு முகம் தொடவும் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உயிருள்ள தொடர்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கைகள். எனவே இந்தப் படத்தின் உணர்ச்சியை முகத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இப்போது அந்தக் கையை மட்டும் பாருங்கள். குழந்தையின் விரல்கள் தாயின் கையைப் பற்றியிருக்கின்றன. தாயின் விரல்களோ திருப்பிப் பற்றவில்லை. நீண்டு, தளர்வாக, மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. பயந்த குழந்தையின் கையை இறுக்கிக்கொள்ளாத தாய் உண்டா என்று கேட்கத் தோன்றும். விடை ஓவிய மரபில் இருக்கிறது. கிழக்குத் திருச்சபையில் ‘வழிகாட்டும் அன்னை’ என்றொரு பழைய பட வகை உண்டு. அதில் தாய் இடக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு வலக்கையால் அவரைச் சுட்டிக்காட்டுவாள். முகம் நம் பக்கம் இருக்கும். “இதோ, இவரைப் பார்” என்பது அந்தக் கையின் பேச்சு. நம் படம் அந்த வகையில் கிளைத்ததுதான். ஓவியர் சுட்டிக்காட்டும் கையை மாற்றவில்லை. அதன் மேல் குழந்தையின் இரு கைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவ்வளவுதான் செய்தார். ஒரே கை இரண்டு வேலை செய்கிறது: நமக்குக் காட்டுகிறது, பிள்ளைக்குப் பிடி கொடுக்கிறது.

அவள் குழந்தையைப் பார்த்திருந்தால் அது தாயும் பிள்ளையும் தங்களுக்குள் இருக்கும் காட்சியாகியிருக்கும். நாம் வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பவர்களாகியிருப்போம். நம்மைப் பார்ப்பதால், நடப்பது நமக்குத் தெரிந்தாக வேண்டியது என்கிறாள். அதோடு, குழந்தை இப்போதுதான் திரும்பிப் பார்க்கிற சிலுவை அவளுக்குப் புதிதல்ல. உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று கோவிலில் முதியவர் சிமியோன் சொன்னதை (லூக்கா 2:35) கேட்டவள் அவள். திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

கேள்வி: தொங்கும் செருப்புக்கு எங்கள் பங்கில் ஒரு விளக்கம் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் வேறொன்று வந்தது, நவநாள் புத்தகத்தில் மூன்றாவது இருக்கிறது. எதை நம்புவது?
*திருச்சி வாசகர்*

விளக்கத்துக்கு முன்னால் வரைந்திருப்பதைப் பார்த்துவிடுவோம். செருப்பு விழவில்லை, விழப்போகிறது. பொன் பின்னணிக்கு இரவு பகல் கிடையாது. தாய் அசையவில்லை. தூதர்கள் காற்றில் நிற்கிறார்கள். இத்தனை அசையாமைக்கு நடுவே ‘இந்த நொடி’ என்று சொல்லக்கூடியது அந்தச் செருப்பு ஒன்றுதான். அதை மூடிவிட்டுப் பாருங்கள், குழந்தையின் திடுக்கிடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி விளக்கங்கள். நாலு இருக்கின்றன, நாலும் ஒரே தரமல்ல.

முதலாவது, பாடுகளின் கருவிகளைக் கண்டு பயந்த குழந்தை தாயிடம் ஓடி வந்ததில் செருப்பு கழன்றது என்பது. இது பக்திக் கதை, நற்செய்தி நூல்களில் இல்லை. உணர்ச்சியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நிகழ்ச்சியைத் தானே கட்டிக்கொண்டது. படத்தில் குழந்தை ஓடவில்லை, கையில் உட்கார்ந்திருக்கிறது, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று போட்டபடி இருக்கின்றன. கதையிலிருந்து படம் வந்ததாகத் தோன்றவில்லை, படத்திலிருந்து கதை வந்ததாகவே தோன்றுகிறது. அச்சம் என்பதுவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, விவிலியத்தில் ரூத்து 4:7. பழைய இஸ்ரயேலில் நிலத்தை மீட்கும் உரிமையைக் கைமாற்றும்போது ஒருவர் தம் மிதியடியைக் கழற்றி மற்றவரிடம் கொடுப்பார். நம் ஊர்ப் பத்திரப்பதிவில் கைநாட்டு வைப்பதுபோல அது ஒரு சாட்சி. அதன்படி, கழலும் மிதியடி மீட்பின் அடையாளம். படத்தின் மேற்பகுதியில் சிலுவை இருப்பதால் இந்த வாசிப்பு படத்தோடு ஒட்டுகிறது.

மூன்றாவது, யோவான் 1:27. “அவருடைய மிதியடி வாரை அவிழ்க்கவும் நான் தகுதியற்றவன்” என்ற திருமுழுக்கு யோவானின் பேச்சை விளக்கும்போது போப் பெரிய கிரகோரி 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நயமான கருத்தைச் சொன்னார். செருப்பு செத்த விலங்கின் தோலால் ஆனது. கடவுள் சாவுக்குரிய மனித உடலை எடுத்தது செருப்பு அணிந்து வந்தது போன்றது என்றார். அதன்படி பார்த்தால் அவிழும் வார், மரணம் நெருங்குவதைச் சொல்கிறது. மூன்று வாசிப்புகளில் ஆழமானது இதுவே என்பது எம் கருத்து.

நான்காவது, பாவி கடைசி ஒரு நூலில் தொங்குவதைப் போல என்பது. மறையுரைக்கு உதவும். ஆனால் படத்தில் வேறெதுவும் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

எந்த விளக்கம் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வரைந்திருப்பதை இது விளக்குகிறதா? வரையாத ஒன்றை இது இட்டுக்கட்டுகிறதா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை தேறினால் எல்லாவற்றையுமே வைத்துக்கொள்ளலாம். குறளுக்குப் பரிமேலழகர் உரையும் உண்டு, மணக்குடவர் உரையும் உண்டு. யாரும் ஒன்றைக் கிழித்துப் போடவில்லையே.

கேள்வி: மேலே உள்ள எழுத்துகள் என்ன மொழி, என்ன பொருள்?
*மன்னார் வாசகி*

கிரேக்கம். மேல் மூலைகள் இரண்டிலும் இருப்பதைச் சேர்த்தால் ‘மீட்டர் தெயூ’, கடவுளின் தாய் என்பதன் சுருக்கம். தூதர்களின் தலைக்கு மேலே ‘அதிதூதர் மிக்கேல்’, ‘அதிதூதர் கபிரியேல்’ என்பவற்றின் முதலெழுத்துகள். குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் ‘இயேசு கிறிஸ்து’ என்பதன் சுருக்கம். கிழக்குத் திருச்சபை மரபில் பெயர் எழுதாத வழிபாட்டுப் படம் முடிவு பெறாத படம். முகச்சாயலைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதில்லை, பெயரைக் கொண்டுதான்.

இந்த எழுத்துகளால் இன்னொரு பயன் உண்டு. அச்சகத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் படம் அப்படிப்பட்டதா என்று பார்க்க இடப்புற மேல் மூலையைக் கவனியுங்கள். அங்கே இரண்டாவது எழுத்து ஆங்கிலப் ‘பி’ மாதிரி இருக்கும், வயிறு வலப்பக்கம். அந்த எழுத்து வலது மூலைக்குப் போய், வயிறும் இடப்பக்கம் திரும்பியிருந்தால் படம் இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பம். மற்ற மூன்று எழுத்துகள் இருபுறமும் ஒரே மாதிரியானவை, அவற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

திருப்பிப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குழந்தை தாயின் வலக்கைக்குப் போய்விடும், சுட்டிக்காட்டுவது இடக்கையாகிவிடும். முதல் பதிலில் சொன்ன வழிகாட்டும் கையின் மரபு அதோடு அறுந்துபோகிறது.

கேள்வி: மாதாவின் முகத்தில் இருப்பது சோகமா, கண்டிப்பா, அல்லது எதுவுமே இல்லையா? என் கண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.
*பாளையங்கோட்டை வாசகர்*

ஒவ்வொரு நாளும் மாறித் தெரிவது உங்கள் கண்ணின் குறையல்ல. முகத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

பிசான்டியப் பாணியில், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் ஓவிய மரபில், முகத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு: மூக்கின் நீளம். நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்கு தொடங்கும் முனையை, அதாவது இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடத்தை, மையமாக வைத்து மூன்று வட்டம் போடுவார்கள். ஒரு மூக்கு நீள ஆரமுள்ள வட்டத்துக்குள் நெற்றியும் கன்னமும் அடங்கும். இரண்டு மூக்கு நீள ஆரம் தலையின் வெளிக்கோடு. மூன்று மூக்கு நீளம் ஒளிவட்டம். சற்றுத் திரும்பிய முகத்தில் மையம் நகரும், ஆனால் கணக்கு இதுதான். இந்த அமைப்பில் கண் பெரிதாகிறது, மூக்கு நீள்கிறது, வாய் சிறுத்துப்போகிறது. நாம் ஒருவரின் மனநிலையைப் பெரும்பாலும் வாயோரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். இங்கே வாய் ஏறத்தாழ மௌனம். சிரிப்புக்கும் இழுக்காது, அழுகைக்கும் கோணாது. எல்லாப் பாரமும் கண்ணுக்கும் தலையின் சாய்வுக்கும் வந்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: தபால் அட்டை ஒன்றால் மூக்குக்குக் கீழே மறையுங்கள். கண் மட்டும் தெரியும்போது துயரம் கூடும். பிறகு கண்ணை மறைத்து வாயை மட்டும் பாருங்கள், ஒன்றும் சொல்லாது. மூன்றாவதாக அட்டையை எடுத்துவிட்டுத் தலையின் சாய்வைப் பாருங்கள். குழந்தை இருக்கும் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. கண் நம்மிடம் வந்தாலும் தலை பிள்ளையை விட்டு வரவில்லை. முதல் கேள்வி கேட்ட தூத்துக்குடி வாசகியும் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத்தான் வேண்டுமென்றால் நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்கிறது. கிரீட்டில் வரைந்தவருக்குத் தொல்காப்பியம் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியுமே. குழந்தையிடம் இருப்பது அச்சம், அதில் ஐயமில்லை. தாயிடம்? அழுகை பிறக்க இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணம் காட்டுகிறது அந்நூல். இழவு இன்னும் நேரவில்லை. வரும் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே முழு அழுகை என்று சொல்லிவிட முடியாது. வெகுளியும் இல்லை. இழப்பை முன்னமே அறிந்தும் நிலைகுலையாமல் நிற்கிற முகம். பெருமிதம் என்ற சொல்லைச் செருக்கு என்று குறுக்காமல், தன் நிலையிலிருந்து தாழாமை என்று எடுத்துக்கொண்டால், அழுகைக்கும் பெருமிதத்துக்கும் நடுவே ஓரிடம் என்பது எம் கணிப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க விளாதிமிர் அன்னையின் படத்தைத் தேடிப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வரைந்து ரஷ்ய மண்ணுக்குப் போன படம். அதில் குழந்தை தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து அவளையே பார்க்கிறது. அங்கும் தாய் நம்மைத்தான் பார்க்கிறாள். ஆனால் அந்தப் படத்தில் குழந்தைக்கு எதுவும் தெரியாது, துயரம் தாயுடையது மட்டும். நம் படத்தில் குழந்தையும் பார்த்துவிட்டது. வேறுபாடு அங்கேதான்.

இன்னொன்று. சில அச்சுப்படங்களில் கன்னத்தில் கண்ணீர்த் துளி சேர்த்து, உதட்டைச் சிவப்பாக்கி விடுகிறார்கள். மூலத்தில் துளியும் இல்லை, சிவப்பும் அப்படி இல்லை. அந்தப் படங்களில் முகம் ஒவ்வொரு நாளும் மாறித் தெரியாது. ஒரே மாதிரி அழுதுகொண்டிருக்கும்.

கேள்வி: சிவப்பு கன்னிமைக்கு, நீலம் தாய்மைக்கு என்கிறார்கள். சரியா?
*கொழும்பு வாசகர்*

அழகாக இருக்கிறது, உறுதியான ஆதாரம் காட்டுவாரில்லை. பிசான்டிய வழக்கில் பெரும்பாலும் மாதாவின் உள்ளங்கி நீலம், மேலே போர்த்தும் முக்காடு கருஞ்சிவப்பு. அந்தக் கருஞ்சிவப்பு அரச குடும்பத்துக்குரிய நிறம். நம் படத்தில் இது தலைகீழாக, சிவப்பு உள்ளே, நீலம் வெளியே இருக்கிறது. நீலப் போர்வை மேற்கு ஐரோப்பிய ஓவியத்தின் பழக்கம். கிரீட் தீவு 13-ஆம் நூற்றாண்டு முதல் 1669 வரை வெனிஸ் அரசின் கையில் இருந்தது; அங்குள்ள பட்டறைகளில் கிரேக்கப் பாணியையும் இத்தாலியப் பாணியையும் வாடிக்கையாளர் கேட்டபடி கலந்து வரைந்தார்கள். நிறத்துக்கு இறையியல் தேடுவதற்கு முன் இந்த வணிகத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது.

முக்காட்டில் நெற்றிக்கு மேலே தெரியும் விண்மீனுக்கு வேர் பழையது. மாதா பிரார்த்தனையில் அவளை விடியற்கால நட்சத்திரம் என்று அழைக்கிறோமே, அதே எண்ணம்.

கேள்வி: சில படங்களில் கிரீடம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எது அசல்?
*நாகர்கோவில் வாசகி*

கிரீடம் இல்லாததே வரைந்தபடி உள்ளது. படம் 1499 முதல் ரோமில் புனித மத்தேயு ஆலயத்தில் இருந்தது. 1798-இல் பிரெஞ்சுப் படை ரோமைக் கைப்பற்றிய காலத்தில் அந்த ஆலயம் அழிந்தது. பல ஆண்டுகள் ஒரு சிறு சிற்றாலயத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த படத்தை 1866-இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் ரிடெம்ப்டரிஸ்ட் துறவியரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு, 1867-இல், முடிசூட்டு விழா நடத்தி உலோகக் கிரீடங்களைப் படத்தின் மேல் பொருத்தினார்கள். அந்தத் தோற்றத்தைப் பார்த்து அச்சிட்ட படங்கள்தான் கிரீடத்தோடு உலகம் சுற்றுகின்றன. வணக்கத்தின் அடையாளம் என்ற அளவில் குறையில்லை. ஆனால் கிரீடம் தலையின் சாய்வை மறைக்கிறது, கண் மேலேயே நின்றுவிடுகிறது. கைக்கும் செருப்புக்கும் இறங்கிவரத் தாமதமாகிறது.

கேள்வி: இந்தப் படத்தை முட்டைக்கரு வண்ணத்தில் வரைய முயல்கிறேன். பலகையில் ஃபெவிகாலும் சாக்குப் பொடியும் கலந்து பூசினேன். வண்ணம் வழுக்குகிறது, அடுத்த பூச்சில் உரிந்து வருகிறது. முகமும் வெறும் போட்டோ போல வருகிறது.
*கும்பகோணம் வாசகர்*

இரண்டு தவறுகள், இரண்டுக்கும் காரணம் வேறு.

ஃபெவிகால் உலர்ந்தால் பிளாஸ்டிக் படலமாகும், நீரை உறிஞ்சாது. முட்டைக்கரு வண்ணமோ உறிஞ்சும் தளத்தில்தான் பிடிக்கும். தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல்பசையை வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் போட்டு இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதித்தால் பசையின் பிடிப்புப் போய், பூச்சு மாவாக உதிரும். பலகையில் முதலில் பசை மட்டும் தடவி, மெல்லிய பருத்தித் துணியை அதே பசையில் நனைத்து ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு பசைநீருக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சாக்குப் பொடி. பொடியைத் தூவி அது தானாக அமிழ்ந்த பிறகு மெதுவாகக் கிளறுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி புகுந்து, காய்ந்ததும் ஊசித்துளைகளாகத் தெரியும். முதல் பூச்சை விரலால் துணிக்குள் தேய்த்து ஏற்றி, பிறகு தூரிகையால் ஒன்று குறுக்காக, ஒன்று நெடுக்காக எட்டுப் பூச்சு. ஒரே பசைநீரைக் கடைசிவரை பயன்படுத்துங்கள். மேல் பூச்சில் பசை கூடினால் அது கீழ்ப் பூச்சை இழுத்துப் பிளக்கும். மின்விசிறியின் கீழோ வெயிலிலோ காயவைத்தாலும் அதேதான்.

பொன் தகடு ஒட்டுவதாயிருந்தால் வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். முட்டைக்கரு பட்ட இடத்தில் தகடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளைக்கருவைப் பிரித்து, மஞ்சள்கருவைக் காகிதத்தில் உருட்டி ஈரம் போக்கி, தோலை விரலால் தூக்கி ஊசியால் குத்திக் கருவை மட்டும் கிண்ணத்தில் விடுங்கள். சம அளவு தண்ணீர், சில துளி வினிகர். நம் வெயிலுக்கு அன்றன்றைக்குப் புதிதாகக் கலப்பதே நல்லது. நீரில் அரைத்த நிறப்பொடிக் குழம்போடு இதைச் சமமாகச் சேர்த்து, ஒரு கண்ணாடித் துண்டில் தீற்றிக் காயவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். படலமாகச் சுருண்டு வந்தால் அளவு சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதாது. பிசுக்கென்று பளபளத்தால் கரு மிகுதி.

இனி முகம். நீங்கள் தோல்நிறத்தைப் பூசிவிட்டு நிழலைக் கருப்பாகச் சேர்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், போட்டோ வந்துவிடும். இந்த மரபில் வரிசை எதிர்ப்புறம். முகம் முழுதும் பச்சை கலந்த மண்நிறத்தைப் பூசுங்கள். அதன் மேல் காவி மஞ்சள் கலந்த நிறத்தை, ஓரத்தில் பச்சை தெரியும்படி விட்டு, நெற்றி, கன்னம், மூக்கின் முதுகு, கழுத்தில் ஏற்றுங்கள். அடுத்த பூச்சு இன்னும் வெளிர்நிறம், இன்னும் சிறிய பரப்பு. கடைசியில் கண்ணுக்குக் கீழும் மூக்கிலும் வெள்ளையில் நாலைந்து மெல்லிய கோடுகள். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதால் ஒளி வெளியிலிருந்து விழுவதாகத் தெரியாது, முகமே ஒளிர்வதாகத் தெரியும். ஈரம் காயுமுன் அதே இடத்தில் மீண்டும் தூரிகை போனால் அடிப்பூச்சு கிளம்பிவிடும். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பொறுமை தீரும் இடம் தாயின் வலக்கை. அதை முகத்துக்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: இதே படத்தைத் தஞ்சாவூர் பாணியில், மேடாக்கி, தங்கத் தகடு ஒட்டி, கல் பதித்துச் செய்து தருமாறு கேட்கிறார்கள். செய்யலாமா?
*தஞ்சாவூர் வாசகி*

தாராளமாக. இரண்டு மரபிலும் துணி ஒட்டிய பலகை, சாக்குப் பூச்சு, பொன் தகடு என்று பலவும் பொது. ஒரே ஒரு பெரிய வேறுபாடு: அங்கே பொன் தட்டையாக இருக்கும், உங்களிடம் மேடாக இருக்கும். மேடான இடமும் கல்லும் விளக்கொளியில் கண்ணை இழுக்கும். எனவே எங்கே மேடாக்குகிறீர்களோ அங்கேதான் உணர்ச்சி போய் உட்காரும்.

ஒளிவட்டங்களையும் சுற்று வளைவையும் மேடாக்குங்கள். போர்வையின் கரையில் வேண்டுமானால் மெல்லிய கோடு. தாயின் வலக்கை, குழந்தையின் கைகள், செருப்பு மூன்றையும் தட்டையாகவே விடுங்கள். கையில் வளையல், விரலில் மோதிரம், செருப்பில் சிவப்புக் கல் என்று கேட்பார்கள். செருப்பில் கல் வைத்தால் அது அணிகலனாகிவிடும், நழுவுகிறது என்று யாருக்கும் தோன்றாது. தஞ்சாவூர் வழக்கப்படி குழந்தையைக் கொழுகொழுவென்று நவநீத கிருஷ்ணன் சாயலில் வரையும் ஆசையும் வரும். வேண்டாம். இங்கே குழந்தையின் நெற்றி உயரமாக, முகம் வயதுக்கு மீறியதாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. உருவத்தில் பிள்ளை, அறிவில் பிள்ளையல்ல.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய படத்தில் மாதாவின் கன்னத்தில் பழுப்பாக நீர்க்கோடு விழுந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள்.
*வேளாங்கண்ணி வாசகர்*

படச்சட்டத்தின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். அட்டை ஊறி உப்பியிருந்தால், சுவர் ஈரம் காகிதத்தில் ஏறியிருக்கிறது. அதோடு அச்சுப்படம் கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், இரவில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துக் கீழே வழியும். அது வழிந்த தடத்தில் பழுப்பும் பூஞ்சைப் புள்ளிகளும் வரும். முகம் முழுதும் கருத்திருந்தால் விளக்குப் புகையும் மெழுகுதிரிக் கரியும் காரணம்.

கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். ஒட்டாத படமானால் சட்டத்திலிருந்து எடுத்து, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, உலர்ந்த மென்தூரிகையால் பூஞ்சையைத் தட்டுங்கள். திரும்பச் சட்டமிடும்போது சுற்றிலும் அட்டை வைத்துக் கண்ணாடிக்கும் படத்துக்கும் 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.